முயலின் தாய்மை

திங்களின் மறுவை முயலென்றனர் நம் முன்னோர். யானைவேட்டையின் பெருமையைக் காட்டுதற்கு முயல்வேட்டையைச் சிறுமையின் பக்கல் வைத்தார் வள்ளுவர். ஆமையொடு ஓடித் தோற்ற கதையைச் சிறுவரும் அறிவர். இங்ஙனம் நூலிலும் நாவிலும் பழகிய இவ்வுயிரின் உண்மை வாழ்க்கையை அறிந்தார் சிலரே. அதனுள் யாம் பெரிதும் வியப்பது அதன் தாய்மையாம்.

வீடுகளிற் கூண்டிலிட்டு வளர்க்கும் வெண்முயல் நம் காட்டு முயலன்று. ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. குழிமுயல் வளை தோண்டி, ஏறத்தாழ 30 நாளிற் குட்டி ஈனும். அக்குட்டிகள் மயிரின்றி, கண் திறவாது பிறக்கும். காட்டு முயலுக்கோ வளையில்லை. புல்லிடையே தன் உடலளவாய் அமைந்த சிறு பள்ளமே படுக்கை. ஐரோப்பாவிலுள்ள அவ்வினம் ஏறத்தாழ 42 நாள் கருவைச் சுமக்கும். ஆதலின் குட்டிகள் மயிர் போர்த்து, கண் திறந்தே பிறக்கின்றன. பிடரியிற் கருமை வாய்ந்த நம் தென்னாட்டு முயலின் குட்டிகளும் அத்தகையனவே.

பிறந்த சின்னாளிற் குட்டிகள் பிரிந்து தனித்தனியே பதுங்கும். தாய் பகலெல்லாம் அவற்றை அணுகாது. நாளுக்கு ஒருமுறை, கதிரவன் மறைந்தபின் வந்து, சில நிமிடம் பாலூட்டி அகலுமென ஐரோப்பிய முயலை ஆராய்ந்தோர் கண்டனர். இஃது இரக்கமின்மையோ? அன்று. தாய் உடனிருப்பின் அதன் மணமும் நடமாட்டமும் நரிக்கு வழிகாட்டும். குட்டிகளோ மண்ணிறத்தால் மறைந்து, அசையாதிருத்தலையே காவலாகக் கொள்வன. விலகி நிற்றலே ஈண்டு அன்பாயிற்று.

எம்மூர்ப் பனங்காட்டில் விறகு பொறுக்கச் சென்ற சிறுவர் இருவர், இத்தகைய குட்டியொன்றைத் தாயற்றதென்று கருதி எடுத்துவந்தனர். பசும்பால் புகட்டினர், துணியாற் போர்த்தினர். மூன்றாம் நாள் அஃது இறந்தது. அவர்பாற் கொடுமை சிறிதும் இல்லை, அறியாமையே இருந்தது. அன்று மாலை அத்தாய் வெறும் புல்லிடத்தை நாடி வந்திருக்குமே என்னும் எண்ணம் எம்மை இன்றும் வருத்துகின்றது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல்வேட்டையைக் குற்றமாக்கியுள்ளது. ஆயின், இரக்கத்தால் விளையும் கேட்டைத் தடுக்கவல்லது அறிவேயாம். நண்பர்காள்! புல்லிடையே அசையாது கிடக்கும் முயற்குட்டியைக் காணின், அதன்மீது காயம் இல்லையாயின், தொடாது அகல்வீராக. அடைக்கலான் குருவியையும் மறவாத பரமபிதா அதற்கொரு தாயைத் தந்துள்ளார். மாலைவரை பொறுத்தலே நம் கடன்.