கோப்பையின் மறுபாதி

ஆடி, வெள்ளி

எங்கள் நாய் வீரனைக் கோடிப்புறத்தில் புதைத்தோம். நீர்வேலிச் செம்மண் மாரியில்தான் இளகும். சோளகம் அடிக்கிற இந்த நாளில் காய்ந்து கிடக்கிறது. தம்பி அலவாங்கால் குத்தக் குத்தக் கீழே சுண்ணக்கல் தட்டுப்பட்டது. அவனுடைய துணை பிறவுணியை நாங்கள் கட்டி வைக்கவில்லை. அவள் வந்து வீரனின் முகத்தை மணந்தாள், காதை மணந்தாள், பிறகு கிணற்றடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள். மண் மூடும்போது எழுந்து வரவில்லை.

இரவானதும் தேடத் தொடங்கினாள். படலையடிக்குப் போவாள், பிறகு அடுப்படிக்குப் பின்னாலிருக்கும் சாம்பல் மேட்டுக்கு வருவாள். இருவரும் சேர்ந்து சுருண்டு கிடந்த இடம் அது. சாம்பலை அள்ள வேண்டாமென்று வீட்டில் சொல்லிவிட்டேன். வீரனின் மணம் தானாகப் போகும்வரை அங்கேயே இருக்கட்டும்.

ஆடி, ஞாயிறு

இருவருக்கும் ஒரே அலுமினியக் கோப்பைதான். வீரன் முதல் வாய் வைத்த பிறகே பிறவுணி கிட்ட வருவாள். அவன் படலைப் பக்கம் நின்று தின்பான், அவள் குசினிப் பக்கம். இன்று சோற்றில் சூடை மீன் தலையும் சொதியும் பிசைந்து வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றாள். மறுபாதி கத்தியால் கீறிய மாதிரி அப்படியே நின்றது. மீன் தலை கிடந்ததும் அந்தப் பாதியில்தான்.

பசி இருக்கிறது, தொடங்கி வைக்கத்தான் ஆள் இல்லை. எப்போது எழும்புவது, யாரைக் கண்டு குரைப்பது, மத்தியானம் எந்த நிழலுக்குப் போவது எல்லாம் வீரன் பார்த்துக்கொண்ட காரியங்கள். அவனோடு சேர்ந்து அவளுடைய நாளின் ஒழுங்கும் போய்விட்டது. அந்த ஒழுங்கைத்தான் நாங்கள் திருப்பிக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

ஆடி, செவ்வாய்

சாப்பாடு குறைந்தால் கவலை என்று மட்டும் எண்ணி இருந்துவிடக் கூடாது. வீரனைக் கொண்டுபோனது உண்ணிக் காய்ச்சல். அவனைக் கடித்த உண்ணி இவளையும் கடித்திருக்கும். சோர்வு, தீன் மறுப்பு, தனியே போய்ப் படுப்பது என்று துக்கமும் அந்தக் காய்ச்சலும் வெளியில் ஒன்றுபோலவே தெரியும்.

மிருக வைத்தியர் முதலில் உதட்டை உயர்த்தி முரசைப் பார்த்தார். பபீசியா என்ற ஒட்டுண்ணி இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைப்பதால் முரசு வெளிறும், சிறுநீர் கடும் நிறமாகப் போகும் என்றார். நாயின் இயல்பான உடற்சூடு 101 முதல் 102.5 பாகை பரனைட். இவளுக்கு அதற்குள் இருந்தது, இரத்தத்திலும் குறையில்லை. உண்ணி மருந்து தந்துவிட்டுச் சொன்னார்: “தின்னேல்லை எண்டு ஒவ்வொரு வேளைக்கும் புதுசு புதுசா இறைச்சி காட்டாதேங்கோ. பழகின தீனைப் பழகின நேரத்துக்கு வையுங்கோ. ஒரு நாள் முழுக்க ஒண்டும் தொடாமல் கிடந்தால் உடனே கொண்டு வாங்கோ.”

ஆடி, சனி

பனம்பழம் விழத் தொடங்கிவிட்டது. போன வருடம் வரை அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் பாய்ந்து ஓடுவார்கள். நேற்றிரவு ஒரு பழம் விழ, பிறவுணி என் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டாள்.

இப்படித் துணையை இழந்த நாய்களைப் பற்றி இத்தாலியில் மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. குறைந்தது இரண்டு நாய் வளர்த்து ஒன்றை இழந்த 426 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். மிஞ்சிய நாயின் போக்கு மாறியதாகச் சொன்னவர்கள் 86 வீதம். வளர்த்தவரை விட்டு விலகாமல் நின்றவை 67 வீதம், விளையாட்டுக் குறைந்தவை 57 வீதம், பயம் கூடியவை 35 வீதம், சாப்பாடு குறைந்தவை 32 வீதம். எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தன என்பது கணக்கில் வரவில்லை. எப்படி வாழ்ந்தன என்பதே வந்தது. வளர்த்தவரின் துயரமும் நாயின் நிலையோடு சேர்ந்தே போயிருக்கிறது. வளர்த்தவர்கள் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு இது. நாயின் மனதை அப்படியே திறந்து காட்டிவிடாது. என்றாலும் என் வீட்டு முற்றத்தில் நடப்பதுதான் அங்கும் நடந்திருக்கிறது. அவளுக்கு முன்னால் நான் குலைந்து போகாமல் இருப்பதும் மருந்துதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆவணி, திங்கள்

பக்கத்து வளவு ஆச்சி வைரவர் கோயில் வடை கொண்டு வந்து, “வைரவற்ரை வாகனமெல்லே, அதுக்கும் ஒண்டு குடு பிள்ளை” என்றா. இருந்து கதைக்கையில் போர்க்கால இடம்பெயர்வுக்குப் பேச்சுப் போனது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. மழை, இருட்டு, தூக்கிய பிள்ளைகள், தள்ளிய சைக்கிள்கள். எத்தனையோ வீடுகளில் நாய்கள் பின்னால் நின்றுவிட்டன.

“ரெண்டையும் அவிட்டு விட்டு, பானையோட சோத்தை வைச்சிட்டுப் போனனாங்கள். அடுத்த வரியம் திரும்பி வர ஒண்டுதான் நிண்டது. எங்களைக் கண்டும் உள்ளுக்கு வரேல்லை. றோட்டையே பாத்துக்கொண்டு நிண்டது. இவர் என்ன செய்தார் தெரியுமே? ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்குப் போய் அதுக்குப் பக்கத்தில குந்தியிருந்தார். கூப்பிடேல்லை, பிடிச்சு இழுக்கேல்லை. கொஞ்சம் கொஞ்சமா அதுவா வந்துது.”

வைத்தியர் நேரம் என்று சொன்னதை ஆச்சியின் வீட்டுக்காரர் ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே செய்திருக்கிறார்.

ஆவணி, வியாழன்

விடிய வாழைத்தோட்டத்துக்குப் போகும்போது பிறவுணியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். முன்பு வீரன் முன்னால் போவான், அவள் பின்னால். முதலில் படலையோடு நின்றுவிடுவாள், நானும் நிற்பேன். இப்போது என் காலோடு ஒட்டி வருகிறாள். வரம்பில் உடும்பைக் கண்டால் குரைக்கவும் செய்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் கோப்பைக்குப் பக்கத்தில் பலகை போட்டு இருந்து, முதல் பிடியைக் கையில் எடுத்துக் கொடுக்கிறேன். அதன் பிறகு அவளே தின்கிறாள். கோப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்தேன். மறுபாதியிலும் வாய் வைக்கத் தொடங்கிவிட்டாள்.

புரட்டாதி, ஞாயிறு

உடனே ஒரு குட்டியைக் கொண்டுவந்து விடு என்று வீரன் போன அன்றைக்கே பலர் சொன்னார்கள். அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் தன் நாளே கலைந்து நிற்கும் நாயின் மேல் ஏறி விளையாடக் குட்டி ஒன்றை விடுவது அதற்கு இன்னொரு பாரம். அவள் சரியாகச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, தானாக விளையாட வரும்வரை பொறுத்திருந்தோம். இப்போது சந்தியில் திரியும் குட்டிகளில் ஒன்றை எடுக்கப் போகிறோம். முதலில் றோட்டில் சந்திக்கட்டும், பிறகு வளவுக்குள் வரட்டும். தனிக் கோப்பை, விசர்நாய்த் தடுப்பூசி, வயது வந்ததும் கருத்தடை. 2006 இல் அரசாங்கம் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்திய பிறகு ஊசியும் கருத்தடையும் எங்கள் எல்லோரின் பொறுப்புமாகிவிட்டன.

நாய்க்குத் துக்கம் உண்டா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அதற்கு விடை கண்டுபிடித்த பிறகுதான் உதவ வேண்டும் என்றில்லை. துணையை இழந்த நாய் உங்கள் வீட்டில் நின்றால் முரசையும் உண்ணியையும் பாருங்கள். தேடினால் தேட விடுங்கள். சோற்றை நேரத்துக்கு வைத்து, அது தின்று முடியும்வரை பக்கத்தில் இருங்கள். செலவில்லாத வேலைதான், ஆனால் ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டிய வேலை.