தலை எண்ணினால் போதுமா?

பூந்தமல்லி பக்கம் இருக்கும் குத்தம்பாக்கத்தைப் பற்றி கேள்விப்பட்டிருப்பீர்கள். 1996-ல் அங்கே ஊராட்சித் தலைவராக ஜெயித்தவர் இளங்கோ ரங்கசாமி. கெமிக்கல் இன்ஜினியர். விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். தலித் குடும்பமும் வேறு சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் 50 இரட்டை வீடுகள், மொத்தம் 100 குடும்பங்கள் என்று ஒரு சமத்துவபுரம் அவர் காலத்தில் அங்கே வந்தது. அவர் பெரிதும் நம்பியது கிராம சபையை.

இதற்கும் ஜூமில் வெளிநாட்டு கிளையண்டோடு நடத்தும் ஒர்க்‌ஷாப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது!

தமிழ்நாட்டில் கிராம சபைக்குக் குறைந்தபட்ச வருகைக் கணக்கு உண்டு. 500 பேர் உள்ள ஊரென்றால் 50 பேர், 10,000-ஐத் தாண்டினால் 300 பேர் வரவேண்டும். சரி, 300 பேர் வந்து நாலு பேர் மட்டும் பேசினால்? பதிவேட்டில் கையெழுத்து 300 இருக்கும். முடிவு நாலு பேருடையது. ஓரமாக நின்றவர் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வராமலே போகலாம்.

ஆன்லைனில் இது இன்னும் மோசம். ஓரமாக நிற்பவர் கண்ணுக்கே தெரிய மாட்டார். பில் போடும் சாஃப்ட்வேர் ஒன்றைப் பற்றி ஒர்க்‌ஷாப் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 12 பெயர்கள், பாதி கேமரா ஆஃப். "எல்லாருக்கும் ஓகேவா?" என்று கேட்டால் மௌனம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வேலையும் தொடங்கிவிடும். ஒரு மாதம் கழித்து கிளையண்ட் பக்கத்து ஜூனியர் அக்கவுண்டண்ட் சொல்வார்: "நாங்கள் அட்வான்ஸை இப்படிக் கழிப்பதில்லையே..." அவர்தான் தினமும் அதில் உட்காரப் போகிறவர். அன்றைக்கு அவரை யாரும் கேட்கவில்லை. மறுவேலைச் செலவு யார் தலையில்?

என்ன செய்யலாம்?

எந்த முடிவை எடுக்கப் போகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதி, படிக்க வேண்டியதை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும். நேரத்தையும் பார்க்க வேண்டும். நமக்கு மாலை ஆறரை என்றால் நியூயார்க்கில் அப்போதுதான் காலை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. நடத்த ஒருவர், சாட்டையும் ஆடியோ தகராறையும் கவனிக்க இன்னொருவர்.

முக்கியமானது இதுதான்: முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, எல்லாரும் எழுத வேண்டும். பிறகு பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், ஜூனியரிலிருந்து ஆரம்பித்து! மேனேஜர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். முடிக்கும்போது யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எல்லார் கண் முன்னாலும் எழுதிவிட வேண்டும்.

ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் வாய் திறந்து பேசியாக வேண்டும். ஒர்க்‌ஷாப்பும் அப்படித்தான். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விடுங்கள்... எத்தனை பேர் பேசினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.