எல்லோரும் நடக்க ஒரு பாதை

நம் குடும்பங்களில் பயணத்துக்குக் குறைவில்லை. நிக்காஹ் என்றால் வேன் பிடித்துப் புறப்படுகிறோம். மவுத்துச் செய்தி வந்தால் நள்ளிரவிலும் கிளம்பிவிடுகிறோம். ஆனால், எந்தக் காரியமும் இன்றி, நடப்பதற்கென்றே இல்லத்தார் அனைவரும் சேர்ந்து வெளியே செல்வது நம்மிடம் அருகிய வழக்கமே. ஆடவர் சுப்ஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து அப்படியே ஒரு சுற்று நடந்து வருவர். பெண்களின் நடையோ அடுக்களைக்கும் வாசலுக்கும் இடையில் முடிந்துபோகிறது.

என் தாயாருக்கு வயது 74. நீரிழிவு உண்டு, முழங்காலும் தேய்ந்துவிட்டது. நாள்தோறும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். மொட்டை மாடியில் நடக்கத் தொடங்கினார்கள். பத்தாம் நாள் அதையும் விட்டுவிட்டார்கள். “சுவத்தையே பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்குத் தம்பி நடக்குறது?” என்று அவர்கள் கேட்டபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

மாரண்டஹள்ளியில் அவர்களை எங்கே அழைத்துச் செல்வது? பாலக்கோட்டுச் சாலையில் தக்காளி ஏற்றிய வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பொழுது போய்விடும். எங்கள் வட்டாரத்து ஆறு சின்னாறு. பஞ்சப்பள்ளி அணையில் தேங்கி, அங்கிருந்து இறங்கி, ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கும் சிற்றாறு. நீர் ஓடும் நாட்களில் பார்க்க அழகுதான். ஆனால் கல்லும் முள்ளுமான கரையில் கைத்தடியும் ஊன்றாது, தள்ளுவண்டியும் உருளாது. ஒகேனக்கல்லை நினைத்தேன். ஈரப்பாறையும் விடுமுறைக் கூட்டமும் கண்முன் வந்தன. அந்த நினைப்பையும் விட்டேன்.

இந்நிலையில்தான் சிங்கப்பூரில் குடியிருக்கும் என் மகள், பாட்டியாரையும் கூட்டிக்கொண்டு வருமாறு எங்களை அழைத்தாள். சென்ற மூன்றாம் நாளே, பிஷான்–அங் மோ கியோ பூங்காவில், காலாங் ஆற்றோரம் நடக்கத் திட்டமிட்டோம். திட்டமா, அதற்கு என்ன அவசியம் என்று சிலர் நகைக்கலாம். எங்கள் கூட்டத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள்: முழங்கால் நோவுடன் தாயார், ஏழு மாதக் கைக்குழந்தை, ஓரிடத்தில் நில்லாத நான்கு வயதுப் பேரன், இவர்களுக்கிடையில் நாங்கள் மூவர். தூரத்தை யாரை வைத்து அளப்பது? நான் பேரனை எண்ணி இரண்டு கிலோமீட்டர் என்றேன். மகள் பாட்டியை எண்ணி, போக அரை, வர அரை என்றாள். அவள் கணக்கே நின்றது. போகும்போது களைப்புத் தெரியாது, திரும்பும்போதுதான் கால் பேசும் என்பதால், பாதியில் திரும்ப வேண்டிய இடத்தையும் முன்னரே குறித்துக்கொண்டோம். அஸர் தொழுததும் புறப்பாடு. மஃரிபுக்கு அங் மோ கியோவிலேயே அல் முத்தக்கீன் பள்ளிவாசல் இருக்கிறது. தண்ணீர், குடை, தாயாருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் கொடுக்க நான்கு பேரீச்சம்பழம். கழிப்பறை எந்தப் பக்கம் என்பதையும் கேட்டு வைத்தோம். முதியோர் பலர் வெளியே வர மறுப்பது கால் நோவினால் அன்று, இந்த ஒரு கவலையினால்தான். அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பாதையின் கதை சுவையானது. அங்கே ஓடியது 2.7 கிலோமீட்டர் நீளமான, நேர்கோடாய் வெட்டப்பட்ட காங்கிரீட் கால்வாய். 2009இல் தொடங்கிய பணியில் அதைப் பெயர்த்தெடுத்து, ஆற்றை வளைந்து நெளிந்து ஓடவிட்டார்கள். 2012இல் அது 3.2 கிலோமீட்டர் ஆறாகிவிட்டது. பெயர்த்த காங்கிரீட் பாளங்களைக்கூட வீசாமல் அங்கேயே ஒரு சிறு குன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கரையைக் காப்பவை செடியும் கல்லும். மழை வலுத்தால் ஆறு பரந்து பூங்காவின் தாழ்ந்த பகுதியில் நிறையும். அதற்கு முன்பே எச்சரிக்கை ஒலியும் விளக்கும் மக்களை மேலேறச் செய்யும். நடைபாதை மேட்டில் சமதளமாக ஓடுகிறது. நீரருகே செல்ல விரும்புவோர் புல்வெளியில் இறங்கலாம். இயலாதோர் மேலிருந்தே பார்க்கலாம். ஒரே ஆற்றை இரு சாராரும் அனுபவிக்கும்படி செய்த இந்த ஏற்பாட்டைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

பேரன் நீரின் குறுக்கே போட்டிருந்த கற்களில் தாவினான். அவன் தந்தை பின்னாலேயே ஓடினார். தாயார் பாதையோர இருக்கையில் அமர்ந்து பார்த்தார்கள். பர்தா அணிந்த அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சீன மூதாட்டி ஒருவர் அருகில் வந்தமர்ந்து, தம் முழங்காலைத் தொட்டுக்காட்டிச் சிரித்தார். தாயாரும் தம் முழங்காலைத் தொட்டுக்காட்டிச் சிரித்தார்கள். மொழி தேவைப்படவில்லை. குறித்த இடம் வந்ததும் நான் திரும்பலாம் என்றேன். “அந்தப் பாலம் வரைக்கும் போய்ட்டு வந்துருவோமே” என்றார்கள் தாயார்.

சிங்கப்பூர் செல்வச் சீமை, நம்மால் ஆகுமா என்று கேட்கத் தோன்றும். 2011இல் சென்னையில், அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பை நிறைந்து கிடந்த 58 ஏக்கரைத் துப்புரவாக்கித் தொல்காப்பியப் பூங்கா அமைத்தவர்கள் நம்மவர்களே. நான் சின்னாற்றுக்கு 58 ஏக்கர் கேட்கவில்லை. அரைக் கிலோமீட்டர் போதும். வெள்ளம் எட்டாத மேட்டில், இருவர் இணைந்து நடக்கும் அகலத்தில் கெட்டித்த தரை. நூறடிக்கு ஓர் இருக்கை. வேம்பும் புங்கமும் நிழலுக்கு. அணை திறக்கும் நாளில் ஓர் எச்சரிக்கை மணி. படிக்கட்டு மட்டும் வேண்டாம். ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளச் சரிவு விட்டால் சக்கர நாற்காலியும் ஏறிவிடும். இதற்குச் செல்வத்தைவிட, வரைபடம் போடும் மேசையருகே ஒரு பாட்டியாரையும் நினைத்துக்கொள்ளும் மனம்தான் தேவை.

பேரூராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். கையொப்பமிட வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணிகள் மூவர், பாதை வரும்வரை காத்திருப்பானேன் என்றார்கள். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை, வண்டி நடமாட்டம் தொடங்குமுன், எங்கள் தெரு முனையிலிருந்து தென்னந்தோப்பு வரை தார் போட்ட கிளைச்சாலையில் நடக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. வழியில் இருக்கை இல்லை. மடக்கு நாற்காலி இரண்டு வாங்கியாயிற்று, தூக்கிவர நான்.