எந்த டேங்க்?

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆவடி பற்றிப் பேப்பரில் எது வந்தாலும் நான்தான் வாசித்துக் காட்டணும். 'டேங்க்' என்று வந்துவிட்டால் குறுக்கே கேட்கும்: "எந்த டேங்குடா? பீரங்கி டேங்கா, பீ டேங்கா?"

நியாயமான கேள்வி. எங்க ஊரில் ரெண்டும் உண்டு. கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960களில் விஜயந்தா செய்தார்கள், பிறகு அர்ஜுன். அர்ஜுனுக்குள் உட்காரும் நாலு பேரையும் விஷவாயு அண்டாமலிருக்க ஏற்பாடு உண்டு.

இன்னொரு டேங்கில் இறங்குகிறவனுக்கு இடுப்பில் ஒரு கயிறு. அதுவும் பிணத்தைத் தூக்கத்தான். பேப்பரில் 'விஷவாயு தாக்கி பலி' என்று போடுவார்கள். வாயு என்னமோ ஒளிந்திருந்து பாய்ந்த மாதிரி! இறக்கிவிட்டது யார், எந்தத் தெருவில் போய் ஆள் தேடினார்கள் என்பதெல்லாம் செய்தியில் வராது.

பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாதென்று 2013-லேயே சட்டம் வந்தாச்சு. 2024 ஆகஸ்டில் ஆவடிப் பாதாளச் சாக்கடையில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் செத்தார். செத்தவன் குடும்பத்துக்கு 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்னது 10 லட்சம், 2023-ல் சொன்னது 30 லட்சம். விலை ஏறியிருக்கிறது. இறங்குகிற சாதி மாறவில்லை.

எங்க மாமா, அம்மாவின் தம்பி, ஒரு வீட்டு டேங்கில்தான் போனார். பேப்பரில் நாலு வரி. பக்கத்திலேயே, கழிவுநீர்த் தொட்டியில் விழுந்த பசுவைத் தீயணைப்புக்காரர்கள் உயிரோடு மீட்ட படம். ரெண்டையும் வாசித்தேன்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது: "மாட்டைத் தூக்க எத்தினி பேருடா வந்தாங்க?"

படத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர்.