முடிச்சும் கிலோமீட்டரும்

மாணவர்களே! நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல் என்பது. சொல்ல வேண்டியதைக் குறைவுபடச் சொல்லுதலே அக்குற்றம். நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் யான். அக்குற்றத்தின் கொடுமையை எனக்கு நன்கு உணர்த்தியது இலக்கணம் அன்று, கடற்காற்றின் கணக்கேயாகும்.

“காற்று 34 அளவில் வீசும்” என ஒருவர் கூறின், நாம் யாது உணர்வோம்? நிலத்தில் வாழ்வோர் விரைவைக் கிலோமீட்டரால் அளப்பர். கப்பலோட்டிகள் ‘நாட்’ என்னும் அளவால் அளப்பர். மணிக்கு 34 கிலோமீட்டர் விரைவுள்ள காற்றுச் சிறு மரங்களை அசைக்கும். 34 நாட் காற்றோ மணிக்கு ஏறத்தாழ 63 கிலோமீட்டர் விரைவுடையது. வங்கக் கடலில் அத்தகைய காற்றுச் சுழன்று வீசும்போதுதான் இந்திய வானிலைத் துறை அதனைப் புயல் என்று அழைக்கின்றது. அலகு ஒன்றைச் சொல்லாது விட்டமையால் படகேறிச் சென்றவன் மீளாது போதலும் கூடும்.

நாட் என்பதற்கு முடிச்சு என்பது பொருள். முற்காலத்து மாலுமிகள் கயிற்றின் நுனியில் மரப்பலகை ஒன்றைக் கட்டிக் கப்பலின் பின்புறத்தே கடலில் எறிவர். கயிற்றில் ஏறத்தாழ 14.4 மீட்டருக்கு ஒன்றாக முடிச்சுகள் இருக்கும். 28 நொடி அளக்கும் மணற்குடுவை ஒழியுமுன் கை கடந்து செல்லும் முடிச்சுகளை எண்ணுவர். அவ்வெண்ணே கப்பலின் விரைவு.

ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் செல்வது ஒரு நாட். ‘ஒரு மணிக்கு’ என்னும் பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருத்தலின், ‘மணிக்குப் பத்து நாட்’ என்பது கூறியது கூறல் என்னும் மற்றொரு குற்றமாம்.

கடல் மைலும் கிலோமீட்டரும் நிலவுலகை அளந்து பிறந்தவையே. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரையுள்ள தொலைவை 10,000 கிலோமீட்டர் எனக் கொள்ளுமாறு 1791-இல் பிரெஞ்சு அறிஞர் மீட்டரை வகுத்தனர். அதே தொலைவைக் கடலோடிகள் 90 பாகையாகவும், பாகை ஒன்றை 60 கலையாகவும் பகுத்தனர். ஆகக் கலைகள் 5,400. கலை ஒன்றின் நீளமே கடல் மைல். 10,000-ஐ 5,400-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 1.852 வரும். 1929-இல் மொனாக்கோவில் கூடிய மாநாடு கடல் மைலை 1,852 மீட்டர் என உறுதி செய்தது.

எனவே, நாட்டுக் கணக்கை 1.852-ஆல் பெருக்கின் மணிக்குச் செல்லும் கிலோமீட்டர் கிடைக்கும். கிலோமீட்டரை அவ்வெண்ணால் வகுப்பின் நாட் கிடைக்கும். மனக்கணக்காக அறிய விரும்புவோர், நாட்டை இரட்டித்துப் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கலாம். 20 நாட் என்பதை இரட்டித்தால் 40. அதில் 4 போக 36. உண்மை விரைவு 37-க்குச் சற்று மேல். காற்று நாம் கணித்ததினும் சிறிது மிகும் என்பதைக் கடலுக்குச் செல்வோர் மறத்தலாகாது.

எண்ணும் எழுத்தும் கண்ணெனப் போற்றும் நாம், எண்ணைக் கேட்டவுடன் அதன் அலகு யாது என வினவப் பழகுதல் வேண்டும். அவ்வினா ஒருநாள் ஓர் உயிரைக் காத்தலும் கூடும்.