லொகேஷன் மட்டும் கேட்காதீங்க, ப்ளீஸ்!

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் கடைசியில் ஒரு மேப் லிங்க் வைப்போம். பாறை ஓவியம் என்றால் மட்டும் அந்த லிங்க்கை நான் எடுத்துவிடுவேன். எடிட்டரோடு இதற்காக மல்லுக்கட்டியதும் உண்டு.

எனக்குச் சொந்த ஊர் ஜவ்வாது மலையில் இருக்கும் நெல்லிவாசல்நாடு. எங்கள் திருப்பத்தூர் மாவட்டத்திலேயே, மலையம்பட்டு கிராமத்தில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. 8-ம் நூற்றாண்டு சமணர் குகை. உள்ளே மண் செங்கல் சுவர்கள், கூரையில் ஓவியங்கள். சித்தன்னவாசலோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். ஆனால், இன்று அண்ணாந்து பார்த்தால் திட்டுத்திட்டாகக் கறைதான் தெரியும்.

என்னோடு வந்த மாமா, சுவரில் ஒரு மங்கிய திட்டைப் பார்த்ததும் வாட்டர் பாட்டிலைத் திறந்துவிட்டார். "தண்ணி தெளிச்சா பளிச்னு தெரியும் பாப்பா."

உண்மைதான், தெரியும். ஆனால், தண்ணீர் காயும்போது பாறைக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து படியும், நிறமும் உதிரும். சாக்பீஸால் கோடு இழுத்துப் படம் எடுப்பதும் அதே பாவம்தான்.

பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு போனை எடுத்தேன். 'டிஸ்ட்ரெச்' என்று ஒரு மென்பொருள். ஜான் ஹார்மன் என்ற அமெரிக்கர் 2005-ல் பாறை ஓவியங்களுக்கென்றே உருவாக்கியது. செயற்கைக்கோள் படங்களுக்குப் பயன்பட்ட கணக்குதான். நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வித்தியாசத்தை இழுத்துப் பெரிதாக்கும். பாறையைத் தொடவே வேண்டாம். கறையாக இருந்த இடத்தில் ஒரு வளைவு எழுந்து வந்தது. கொடியா, கையா என்று சொல்ல நான் ஆளில்லை. மாமாதான் ரொம்ப நேரம் போனைக் கீழே வைக்கவில்லை.

சரி, இதே போன்தான் வில்லனும். கோத்தகிரி பக்கம் கரிக்கியூரில் பல ஆயிரம் வருட ஓவியங்கள் மேலேயே பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரான்ஸின் லாஸ்கோ குகை 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பார்க்க வந்த கூட்டத்தின் மூச்சுக்காற்றே ஓவியத்தைக் கெடுத்ததால் 1963-ல் மூடிவிட்டார்கள். 1983-லிருந்து பக்கத்தில் கட்டிய நகலைத்தான் மக்கள் பார்க்கிறார்கள். நம் காட்டுப் பாறைகளுக்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை. ஒரு ரீல்ஸ் போதும்.

ஆர்மாமலை ஏற்கெனவே புத்தகங்களில் வந்த இடம். யாருக்கும் தெரியாத ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் தொடாமல், ஃபிளாஷ் போடாமல் படம் எடுங்கள். இடத்தோடு தொல்லியல் துறைக்கு மட்டும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டிஸ்ட்ரெச்சில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். 'டாகுமென்ட்'டாக அனுப்பினால் முழுசாகப் போகும். லொகேஷனும் கூடவே போகும் என்பதால் பொதுவெளியில் பகிராதீர்கள்.

போன வாரம் மாமா ஒரு படம் அனுப்பினார். ஆடு மேய்க்கப் போன இடத்தில் பாறையில் ஏதோ சிவப்பாக இருக்கிறதாம். "டாகுமென்ட்டா அனுப்புங்க மாமா" என்றேன். அதற்கு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறணுமாம். ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.