செம்மண் தோட்டத்தில் நிழலும் வலையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே போனால் திருநெல்வேலி, உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று ஊர்கள் வரும். இரு பக்கமும் செம்மண் தோட்டங்கள். வெங்காயம், மிளகாய், மரவள்ளி, வாழை என்று எங்கும் பச்சை. வசாவிளானை நெருங்கும்போது காட்சி மாறுகிறது. 1990இல் மக்கள் இடம்பெயர்ந்து, போர் முடிந்த 2009க்குப் பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகள் இந்தப் பக்கத்தில் உள்ளன. திரும்பி வந்தவர்கள் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மீண்டும் தோட்டம் செய்கிறார்கள். ஆனால் பல காணிகளில் வேலிப் பூவரசும் இல்லை, வளவு மாமரமும் இல்லை. வெயில் நேரே மண்ணில் விழுகிறது.

ஆடி மாதத்தில் ஒருநாள் அங்கு போயிருந்தேன். சோளகக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. போரில் கணவரை இழந்த அக்கா ஒருவர், தாயாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் நான்கு பரப்பில் தோட்டம் செய்கிறார். கிணற்றடியில் பிளாஸ்டிக் குழாய்களை வில்லாக வளைத்து, வெள்ளை வலை போர்த்திய நாற்றுமேடை ஒன்று இருந்தது. உள்ளே மிளகாய் நாற்றும் தக்காளி நாற்றும் நின்றன.

“முந்தி நாங்கள் கிடுகாலை மறைப்பம். பின்னேரம் தூக்கி விடுவம். அதே வேலையைத்தான் இப்ப வலை செய்யுது” என்றார் அக்காவின் அம்மா.

உண்மைதான். ஆனால் வலை இரண்டு வகை. கறுப்பு அல்லது பச்சை நிறத்தில் வருவது நிழல்வலை. ஐம்பது வீத வலை என்றால் வெளிச்சத்தில் ஏறக்குறையப் பாதியை மறிக்கும். மண் சூடாவது குறையும், ஈரம் மெதுவாகக் காயும். வெள்ளையாக, நெருக்கமான கண்ணோடு வருவது பூச்சிவலை. ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பதே அதன் இலக்கம். ஐம்பது கண் வலை வெண் ஈயைத் தடுக்கும். மிளகாய்க்கும் தக்காளிக்கும் இலைச் சுருளல் வைரசைக் கொண்டுவருவது இந்த வெண் ஈதான். நாற்றுப் பருவத்தில் நோய் தொற்றிய செடி பிறகு எவ்வளவு மருந்து அடித்தாலும் சரியாகக் காய்க்காது. நாற்றை மட்டும் காப்பாற்றி நட்டாலே பாதிக் கவலை தீரும். வெண் ஈயிலும் மெலிந்த பனிப்பூச்சியை இந்த வலை முற்றாக மறிக்காது.

கண் நெருங்க நெருங்கக் காற்றும் குறையும். உள்ளே சூடும் ஈரலிப்பும் கூடும். வெளியே ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் நாற்று அடியழுகிச் சாயும். அதனால் அக்கா காலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீர் தெளிக்கிறார். நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்து வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குகிறார்.

அதே ஊரில் இன்னொரு பெண் கிழமைக் கடன் எடுத்து, ஒரு பரப்பு முழுவதற்கும் தாழ்வான பந்தல் போட்டு நிழல்வலை விரித்தாராம். மிளகாய் உயரமாக வளர்ந்தது, பூ உதிர்ந்தது. கடன்காரர் மட்டும் கிழமை தவறாமல் வந்தார்.

“வளருறது வேற, காய்க்கிறது வேற தங்கச்சி. மிளகாய், தக்காளி, கத்தரிக்கு வெயில் வேணும். வல்லாரையை நிழலிலை வைக்கலாம்” என்றார் அக்கா. அவருடைய நிழல்வலை வல்லாரைப் பாத்தியின் மேல்தான் இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம் பிடுங்கிக் கட்டி விற்கிறார்.

பூச்சிவலைக்குள் பெரிய பயிர் செய்ய நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வலை வண்டையும் மறிக்கும், தேனீயையும் மறிக்கும். தக்காளிக்குக் கொடியைத் தட்டிவிட்டால் போதும். பாகல், பூசணிக்கு அப்படியல்ல. காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவில் தடவ வேண்டும். செய்யாவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து விழும்.

சகோதரிகளே, வலை வாங்கப் பணம் எடுக்க முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பயிருக்கு வெயில் வேண்டுமா, நிழல் வேண்டுமா? எந்தப் பூச்சியை மறிக்கப் போகிறேன்? பூவுக்குத் தேனீ தேவையா? பதில் தெரியாவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். முதலில் ஒரு நாற்றுமேடைக்கு மட்டும் வலை போடுங்கள். ஓரத்தை மண்ணுக்குள் புதையுங்கள், கிழிசலை உடனே தையுங்கள், படிந்த புழுதியைக் கழுவுங்கள். ஒரு போகம் பார்த்து, கையில் வந்த காசைக் கணக்கெழுதிய பின்னர் அடுத்த துண்டு வலையை வாங்கலாம்.